அந்தப் பக்கத்துக் கை

“...எரியட்டும், எரிஞ்சா இன்னா? பச்சையா எரியறதால அவ அங்க உக்காந்துகினு இருக்கான்னு யார் சொன்னது உனக்கு?” என்று பூத் அக்கா கேட்டாள்.

என்னிடம்தான் கேட்டாள். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் அவள் மகள் தனக்கு வைத்துக்கொண்டிருந்த பட்டப்பெயர். மகள் பெங்களூரில், அப்பா வீட்டில். அக்கா ஆரணியில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு கம்ப்யூட்டர் போட்ட ஒரு பிரவுசிங் சென்டரில். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வழி, எழுத்தில் அடித்துப் பேசிக்கொள்ளும் அந்த மெசஞ்சர். அன்றைக்கு அந்தப் பச்சைப் புள்ளிக்குப் பின்னால் இருந்தது மகளா, மகளின் அப்பாவா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தப்பான ஆளிடம் ஒரு வார்த்தை தட்டிவிட்டால் மிச்சம் இருந்ததும் போய்விடும்.

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அக்கா ஒரு காரியம் செய்தாள். அது உங்களுக்குப் புரியவேண்டுமானால் அக்கா எப்படிப்பட்டவள் என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

நான் போர்டு எழுதுகிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தை ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். யார் வாயிலிருந்தாவது ஒரு வாக்கியம் நன்றாக வந்து விழுந்தால், இதை எந்தக் கலரில் எழுதினால் எடுப்பாக இருக்கும் என்று மனசு பிரஷ்ஷைத் தேடும். என் தகரக் கொட்டகை அக்காவின் டெலிபோன் பூத்தை ஒட்டியே இருந்தது. அந்த வகையில் எனக்கு வாக்கியப் பஞ்சம் வந்ததில்லை.

பூத் திறந்தபோது மஞ்சள் போர்டு எழுதினேன். கீழே ஓரத்தில் ஓனர் பெயர் போடட்டுமா என்று கேட்டேன்.

“போன் பண்ண வரவனுக்கு என் பேரு இன்னாத்துக்கு?” என்றாள்.

ஆகவே நானும் இங்கே பெயர் போடவில்லை. பல வருஷம் கழித்துக் கடையைக் காலி செய்துகொண்டு போனபோதும் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது.

பூத்தில் எண்கள் சிவப்பாக எரியும் மீட்டர் ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? வாடிக்கையாளர் போடும் எண் அதில் ஓடும். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவன் சும்மா இருப்பானா, அதைத்தான் படித்துக்கொண்டிருப்பான். அக்கா அதற்கு ஒரு பட்டுத் துண்டைத் திரை போட்டாள். பேசி முடித்தவர் வந்து நின்றால் துண்டைத் தூக்கி அவருக்கு மட்டும் காட்டுவாள். பில் சீட்டைக் கையில் திணித்து, “கிழிக்கறதா இருந்தா வூட்டுக்குப் போயி கிழி” என்பாள். அந்த ஆள் படி இறங்கியதும் கூண்டுக்குள் போய், போனை எடுத்து, பூஜ்யத்தை ஒரு தரம் அமுக்கி வைத்துவிட்டு வருவாள். ஒவ்வொரு ஆளுக்கும். மழை நாளோ, முகூர்த்த நாளோ, கூட்டம் தெரு வரைக்கும் நிற்கும் நாளோ.

எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டதற்கு போனில் இருந்த ரீடயல் பட்டனைக் காட்டினாள். கடைசியாகப் போட்ட எண்ணைத் தானாக மறுபடி போட்டுத் தரும் பட்டன். பூஜ்யத்தை அமுக்கி வைத்துவிட்டால் அதற்குக் கிடைப்பது அந்தப் பூஜ்யம்தான். லைன் கிடைக்காமல் விரல் தேய்ந்த காலத்தில் அது எங்களுக்கெல்லாம் பெரிய உபகாரமாகத் தெரிந்தது.

“இது உனக்கு எடுத்துக் குடுக்கும். அடுத்து வரவனுக்கும் அதேதான் எடுத்துக் குடுக்கும். அதுக்கு ஆள் தெரியாதுய்யா” என்றாள்.

அதைச் சொன்ன மாதமோ அடுத்த மாதமோ, ஒரு பட்டுக் கடைக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் தங்கை அப்போதுதான் பேசிவிட்டுப் போயிருந்தது.

“இப்ப பேசினு போச்சே, யாருக்கும்மா பேசிச்சு?”

“எனக்கு எப்டிங்க தெரியும். நான் மீட்டருக்கே முந்தானை போட்டு வெச்சிகிறன்.”

“சரி, நான் ஒரு போன் பண்ணணும்” என்று அவர் கூண்டுக்குள் போனார். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது, ஒரே ஒரு பட்டனைத்தான் அமுக்கினார். காதில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், எதிர்முனையில் ஒன்றும் இல்லை.

“இன்னாங்க, லைன் கெடைக்கலியா?” என்றாள் அக்கா.

“ராங் நம்பரு.”

“ஒரே பட்டன்ல ராங் நம்பர் போட்ட ஆளு ஆரணியிலயே நீங்கதாங்க.”

அவர் போனபிறகு நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. வறுத்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், உடைத்து, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். “எங்க மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் பட்டன் எதுன்னு தெரியும்” என்றாள்.

அவ்வளவுதான் அன்றைக்கு. மீதி வெவ்வேறு மத்தியானங்களில் துண்டு துண்டாக வந்தது. பெங்களூரில் பட்டு வியாபாரக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அடி தாங்காமல் ஒருநாள் ஒரு வக்கீல் வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறாள். பேசிவிட்டு அடுப்படிக்குத் திரும்புவதற்குள் மாமியார் அந்தப் பட்டனை அமுக்கிவிட்டாள். மறுநாள் அக்கா ஒரு பையோடு ஆரணி பஸ்ஸில் இருந்தாள். நடக்கப் பழகிய பெண் குழந்தையை அவர்கள் கொடுக்கவில்லை.

அதிலிருந்து எது கேட்காமல் வந்தாலும் அவளுக்கு ஆகாது. “நான் கேட்டனா?” என்பாள். காய்கறிக்காரி கொசுறாகக் கறிவேப்பிலை போட்டால், “நான் கேட்டனா?” பஸ்ஸில் யாராவது நகர்ந்து இடம் கொடுத்தால், “நான் கேட்டனா?” கோபமாகச் சொல்லமாட்டாள், அந்தக் கறிவேப்பிலைக்கே விசாரணை வைப்பது மாதிரிச் சொல்வாள். களம்பூர் ரைஸ் மில் கணக்கர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை லாரிகளுக்கு போன் போட வருவார். பெண்டாட்டி இல்லாத மனுஷர். தனக்கு டீ சொல்லும்போது அக்காவுக்கும் ஒன்று சொல்லிவிடுவார். டீ வரும்போதெல்லாம் அக்கா கேட்பாள், “நான் கேட்டனா?” அவரும் சிரித்துப் பார்த்தார். பிறகு டீ வருவது நின்றது. அதற்குப் பிறகு அவரே வருவது நின்றது.

நெடுநாள் கழித்து ஒரு மத்தியானம் என்னைக் கேட்டாள், “ஏம்ப்பா பெயிண்டரு, அந்தக் களம்பூர்காரர் இப்பல்லாம் வரதில்ல போல?”

“மில்லுலயே போன் வெச்சிட்டாங்களாம்க்கா.”

“நல்லது” என்று கூண்டுக்குள் போனாள்.

மத்தியானத்தில் தெரு ஓய்ந்திருக்கும்போது சில நாள் அப்படிப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு, எந்த எண்ணும் போடாமல், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாருக்குக்கா என்று கேட்டதற்கு, “யாருக்கும் இல்ல. உய்ங்னு ஒரு சத்தம் வருது பாரு, அதுல ஒரு ஏத்த எறக்கமும் இல்ல. கேட்டுகினு இருக்கலாம்” என்றாள். ஊருக்கே தீபாவளி வாழ்த்து சொல்ல லைன் கொடுத்தவள் அவள். அவளைத் தேடி அந்த எண்ணுக்கு வந்த அழைப்பு ஒன்றைக்கூட நான் அப்போது பார்த்ததில்லை.

செல்போன்கள் வந்து பூத்துக்கு ஆள் குறைந்தபோது அக்கா கூண்டை உடைத்து, போனை மட்டும் மேஜைக்கு மாற்றிவிட்டு, நாலு கம்ப்யூட்டர் போட்டாள். வேலூரிலிருந்து ஒருவர் வந்து மாட்டினார். அவரை அவள் படுத்திய பாடு தனிக்கதை. திரையில் எந்த ஜன்னல் திறந்தாலும் கேள்வி.

“இந்தக் கட்டத்துல டிக் போட்டுகீதே, யார் போட்டது?”

“அது கம்பெனிலயே போட்டு வரும்க்கா. ‘என்னை ஞாபகம் வெச்சுக்கோ’ன்னு அர்த்தம். அடுத்த தரம் பாஸ்வேர்டு கேக்காது, நேரா உள்ள போயிடலாம். வசதி.”

“நான் கேட்டனா?”

“பேஜார் பண்ணாதக்கா. ஒலகமே கேக்குது.”

அவளுடைய ஜாக்கிரதை எல்லாமே சரி என்று சொல்லமாட்டேன். அடித்த எழுத்துகள் கீபோர்டிலேயே தங்கியிருக்கும் என்று ஈரத்துணி போட்டுத் துடைத்து ஒரு கீபோர்டைக் கொன்றாள். திரையில் ஒருவர் படித்தது அடுத்தவருக்கு நிழலாகத் தெரியும் என்று நடுவில் அணைத்து அணைத்துப் போட்டாள். ஆனால் உருண்டை கேமராக்கள் வந்தபோது அவற்றின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள் பாருங்கள், அது சரி. வேண்டுமென்கிறவன் திருப்பிக்கொள்ளட்டும் என்றாள்.

மாங்காய் பார்டர் விஷயத்திலும் அவள்தான் சரி. பட்டுச் சேலைக்குப் புது டிசைன் போடுகிற வியாபாரி ஒருவர், கட்டம் போட்ட தாளில் வரைந்ததைப் படமெடுத்து பெங்களூர்க் கடைக்கு மெயிலில் அனுப்புவார். ஒருநாள் குதூகலமாகக் கத்தினார்.

“யக்கா, மொத எழுத்துதான் அடிச்சன், மீதி அட்ரச அதுவே போட்டுக்கிச்சு. இன்னா புத்தி பாரு இதுக்கு.”

அக்கா எழுந்து வருவதற்குள் அனுப்பிவிட்டார். அதே நாற்காலியில் காலையில் உட்கார்ந்த இன்னொரு வியாபாரி அடித்த முகவரி அது. அதுவும் பெங்களூர்க் கடைதான், முதல் எழுத்தும் ஒன்றுதான், கடை மட்டும் வேறு. தீபாவளிக்கு முன்னால் அந்தக் கடைக் கண்ணாடிக்குள் இவருடைய மாங்காய் பச்சைக்குப் பதில் ஊதாவில் தொங்கியது. மனுஷர் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“மெஷின் குடுத்துச்சு, நீ வாங்கிகின. நீ கேட்டியா?” என்றாள் அக்கா.

“நான் வயித்தெரிச்சல்ல வந்து உக்காந்துகினு கீறன், உனுக்கு இப்பத்தான் கேள்வி.”

அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

மகள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தது இந்தக் காலத்தில்தான். காலேஜில் சேர்ந்த புதிதில், உறவுக்காரர் யாரிடமோ பூத் எண்ணை வாங்கி ஒருநாள் கூப்பிட்டது. அன்று அக்கா போனை வைத்துவிட்டு என் கொட்டகைக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த ஒரு போர்டின் முன்னால் நின்று அதை முழுதாகப் படித்தாள். அரிசி மண்டி போர்டு. திரும்பவும் படித்தாள். “நல்லா எழுதிகிற” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் வீட்டு போனில் பேசினால் பில்லில் எண் வரும். ஆகவே மெசஞ்சர். சனிக்கிழமை மத்தியானம் அப்பா கடைக்குப் போன பிறகு, ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் மகள் உட்காரும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துக்கொள்வார்கள். அந்த மெசஞ்சரில் ஆள் உள்ளே வந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். தான் இருப்பதை மறைத்துக்கொள்ளவும் அதில் ஒரு வழி உண்டு. அக்கா எப்போதும் மறைந்துதான் இருப்பாள். அவள் புள்ளி சாம்பலாகத்தான் தெரியும். அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வசதி அது ஒன்றுதான். தன் புள்ளி பச்சையானால் மகளும் பார்க்கலாம், மகளின் தோளுக்குப் பின்னால் நிற்கிறவரும் பார்க்கலாம் என்பாள்.

முதல் வார்த்தையை மகள்தான் அடிக்கவேண்டும். அதற்கு அக்கா ஒரு கேள்வி போடுவாள்: “நாடா எங்க?” மகள், “உங்கிட்ட” என்று அடிக்கவேண்டும். அதற்கப்புறம்தான் சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தன் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவள். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்யும் கோர்வைத் தறி. ஒரே ஆளால் ஓட்ட முடியாது. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைக் கரைப் பக்கத்தில் தள்ள இன்னொரு கை வேண்டும். அப்பாவுக்குக் காது மந்தம். தறிச் சத்தத்தில் கூப்பிட்டுப் பயனில்லை. அதனால் அக்கா தன் உள்ளங்கையை விரித்துத் துணியின் ஓரத்தில் காட்டுவாள். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். கை தெரிந்த பிறகுதான் அவர் நாடாவை விடுவார்.

“எங்கப்பா அவசரப்பட்டு ஒரு நாளும் வுட்டதில்ல. அந்தப் பக்கத்துக் கைய பாக்காம வுட்டா நாடா கீழ வுழும், இழை அறும்” என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் பார்க்காமல் விட்டாள்.

மகளுக்கு ஜுரம் என்று தெரியும். அடுத்த சனிக்கிழமை புள்ளி எரியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அக்கா எதையும் சாப்பிடாமல் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு புதன்கிழமை, காலையில், வழக்கமில்லாத நேரத்தில் பச்சை எரிந்தது. நான் வாசல் படிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். கீபோர்டின் மேல் அவள் விரல்கள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

‘ஜுரம் விட்டுச்சா கண்ணு?’

பதில் வரத் தாமதமானது. ‘விட்டுச்சு’ என்று வந்தது. ‘இப்ப எந்த ஊர்ல இருக்க?’ என்று வந்தது.

அக்கா கையை எடுத்துவிட்டாள். சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்து, அந்தக் கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

‘நாடா எங்க?’

‘என்ன நாடா?’

அக்கா சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டாள். மற்ற மூன்று பேரும் “யக்கா, யக்கா” என்று கத்தினார்கள். அவளுக்குக் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. மகள் ஏதோ மெடிக்கல் ஷாப் வாசலில் ஒரு ரூபாய் போடும் டப்பா போனிலிருந்து கூப்பிட்டது. அக்கா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாகி, ரிப்பேர் கடையில் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மகள் சோதித்துப் பார்க்க ஒரு தரம் மெசஞ்சருக்குள் போயிருக்கிறது. அந்த டிக்கைக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு யார் மெஷினைப் போட்டாலும் மெசஞ்சர் தானாகவே மகள் பெயரில் திறந்துகொள்ளும். புதன்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டது அப்பா.

“அன்னிக்கு அப்புறம் பழசெல்லாம் படிச்சிட்டாரும்மா. நாம பேசினது மொத்தமும் அதுவே எடுத்து வெச்சிருக்கு. ரிப்பேர்காரர் அதையும் பத்திரமா காப்பி பண்ணிக் குடுத்திருக்கார். நாடா கேள்வி, பதில், எல்லாம் இப்ப அவருக்குத் தெரியும்.”

“அடிச்சாரா?”

“இல்ல. கம்ப்யூட்டரையும் தூக்கல. இருக்கட்டும்னு வெச்சிருக்கார். இனிமே சனிக்கிழமை சில நாள் அவர் உக்காருவாராம், சில நாள் என்னை உக்கார விடுவாராம். வந்தா நான்தான்னு உனக்கு எப்டிம்மா நான் சொல்ற...”

ரூபாய் தீர்ந்துவிட்டது. அக்கா திருப்பிக் கூப்பிடவில்லை. போன் உய்ங் என்றது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பழைய வழக்கம், பூஜ்யத்தை ஒரு தரம் அமுக்கி வைத்தாள்.

இனி ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன், அந்த போனுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. மத்தியானம், தெருவில் சேத்துப்பட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. கடையில் வேறு யாரும் இல்லை. நான் டீயோடு உள்ளே போனபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி வந்திருந்தது: ‘அம்மா இருக்கியா?’

“யக்கா, பொண்ணு வந்துகீது போல. பச்சை எரியுது பாரு. ஒரு வார்த்தை கேளேன்” என்றேன் நான்.

“இன்னான்னு கேக்கறது? கேள்வியும் அவருக்குத் தெரியும், பதிலும் தெரியும். எரியட்டும்...” என்று ஆரம்பித்துத்தான், எரிந்தால் என்ன, அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று யார் சொன்னது என்று என்னைக் கேட்டாள்.

கேட்டுவிட்டு டீயை வாங்கி ஓரமாக வைத்தாள். மௌஸைப் பிடித்து, தன் பெயரின் மேல் கொண்டுபோய், இத்தனை நாளாகச் சாம்பலாக இருந்த தன் புள்ளியைப் பச்சையாக்கினாள். கீபோர்டின் வயரைப் பின்னாலிருந்து உருவி, “கைய மட்டும் காட்டினா போதும், நாடா வுட வேணாம்” என்று கீபோர்டை என் கையில் கொடுத்தாள். பிறகு நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.